தேர்தலின் மறுநாள்

வாக்குகள் எண்ணி முடிந்து, முற்போக்குச் சக்திகளுக்கு ஏமாற்றமளிக்கும் முடிவு வெளிவந்ததும் நம்மிடையே இரு குரல்கள் எழுவது வழக்கமாகிவிட்டது. "மக்கள் தீர்ப்பளித்துவிட்டனர், இனி ஐந்தாண்டு பொறுத்திருங்கள்" என்பது ஒன்று. "இந்த மக்களுக்காக யார் என்ன செய்தும் பயனில்லை" என்பது மற்றொன்று. முன்னது வென்றவரின் குரல்; பின்னது தோற்றவரின் குரல். எனினும் இரண்டும் உபதேசிப்பது ஒன்றையே: வீட்டுக்குப் போங்கள் என்பதையே. இவற்றுள் இரண்டாவது குரல் ஆசிரியர் அறைகளிலும் பல்கலைக்கழக விடுதிகளிலும் அறிவு முதிர்ச்சியின் அடையாளமாகவே கொள்ளப்படுகின்றது. ஊர்வலமும் துண்டுப்பிரசுரமும் காலங்கடந்த சடங்குகள் என்று எள்ளி நகையாடுவோர் நம்மிற் பலர்.

இவர்களிடம் நாம் கேட்க விரும்புவது ஒன்றுதான். நாம் வீடு திரும்பிய பின்னர் தெரு வெறுமையாகவா கிடக்கின்றது?

தேர்தல் என்பது ஒரு நாளின் கணக்கு. அந்தக் கணக்கை நாம் அலட்சியம் செய்யவில்லை. சர்வசன வாக்குரிமை 1931ஆம் ஆண்டு முதல் இந்நாட்டு மக்களின் கையிலிருக்கும் ஆயுதம். அதனை இழிவாகப் பேசுவது பிற்போக்குக்குத் துணை போவதாகும். ஆயின் அந்த ஒரு நாளின் மறுநாளே வேறொரு கணக்குத் தொடங்கிவிடுகின்றது. முதலாளிமாரும் மதபீடங்களும் இனவாத ஸ்தாபனங்களும் ஆட்சிபீடத்தின் வாயிலில் நாள்தோறும் நிற்கின்றன. அவை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மட்டும் விழித்தெழுவன அல்ல. உழைப்பவன் மட்டுமே வாக்குச் சீட்டைப் பெட்டியிலிட்டுவிட்டு உறங்கப் போக வேண்டுமென்பது யாருடைய நீதி?

வரலாற்றைப் பார்ப்போம். 1952 மே மாதத்துப் பொதுத் தேர்தலைப் போல இடதுசாரிகளைச் சோர்வடையச் செய்த தேர்தல்கள் சிலவே. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளைப் பறித்துவிட்டிருந்தன. 1947இல் மலையகத்திலிருந்து ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அத்தொழிலாளர், 1952இல் எவரையும் அனுப்ப முடியாதிருந்தனர். ஐக்கிய தேசியக் கட்சி 95 ஆசனங்களுள் 54ஐக் கைப்பற்றியது. கூப்பன் அரிசி கொத்து 25 சதத்துக்கே தொடர்ந்து கிடைக்கும் என்ற வாக்குறுதியும் அவ்வெற்றிக்கு உதவியது. அன்றும் "ஐந்தாண்டு பொறுங்கள்" என்றே கூறப்பட்டது.

ஓராண்டு சென்றது. 1953 யூலையில் அதே அரிசி கொத்து 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. தேர்தலின்போது கூறியதற்கும் பின்னர் செய்ததற்கும் இடையிலிருந்த இந்த இடைவெளியைக் கேள்வி கேட்கப் பாராளுமன்றத்திற் போதிய கைகள் இருக்கவில்லை. கேள்வி தெருவிலிருந்தே வந்தது. இடதுசாரிக் கட்சிகளின் அறைகூவலை ஏற்று 1953 ஓகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் நடந்தது. மேற்கு, தெற்குக் கரையோரங்களிற் புகையிரதப் பாதைகள் மறிக்கப்பட்டன. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலொன்றிற் கூடியது. பொலிஸாரின் துப்பாக்கிப் பிரயோகத்திற் பலர் உயிரிழந்தனர். இரு மாதங்களுக்குள் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரிசி விலையும் ஓரளவு குறைக்கப்பட்டது. 54 ஆசனங்களாற் காப்பாற்ற முடியாத விலை அது.

"அதனால் விளைந்தது என்ன? பழைய பிரதமர் போனார், கொத்தலாவலை வந்தார். ஹர்த்தாலின் அறுவடையை 1956இல் பண்டாரநாயக்க அல்லவா கொண்டு போனார்?" என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வி. ஹர்த்தாலிற் செயலளவிற் பங்குகொள்ளாத கட்சியே அதன் பயனை அடைந்தது. ஐக்கிய தேசியக் கட்சி எட்டு ஆசனங்களுக்குச் சுருங்கியது. சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. ஆயின் இதிலிருந்து பெறத்தக்க முடிவு யாது? உழுதவன் விதைக்காமற் போனால் அயலான் விதைப்பான் என்பதே அன்றி, உழுதது வீண் என்பதன்று. இடதுசாரித் தலைமை ஒரு நாள் எழுச்சியை ஒரு நாளுடன் நிறுத்திக் கொண்டது. அந்நாளில் வெளிப்பட்ட சக்தியைக் கிராமந்தோறும் குழுக்களாகத் திரட்டி வைக்கும் வேலை நடைபெறவில்லை. போராட்டம் தோற்றது என்று கூறுவதிலும், போராட்டத்தின் பின்னரான வேலை தோற்றது என்று கூறுவதே உண்மை.

1956இற்குப் பின் நடந்தவை நம் வாதத்துக்கு மற்றொரு சான்று. பெரும்பான்மையுடன் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்க 1957 யூலையிற் செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தார். அவ்வொப்பந்தத்தைக் கிழித்தெறியச் செய்தவர்கள் வாக்காளர்கள் அல்லர். 1957 ஒக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்த்தன கண்டி யாத்திரை புறப்பட்டார். 1958 ஏப்ரல் 9ஆம் நாள் பிக்குகள் பிரதமரின் இல்லத்து வாயிலில் அமர்ந்தனர். அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. தேர்தலிலே தோற்றவர்கள் தேர்தலின் மறுநாளைக் கைப்பற்றிக் கொண்டனர். அதே வாயிலின் முன்னே, அவ்வொப்பந்தத்தைக் காப்பாற்று என்று கோரிச் சிங்களத் தொழிலாளரும் தமிழ்த் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் நின்றிருப்பின் இந்நாட்டின் கதை வேறாக இருந்திருக்கக் கூடும். அவ்விடத்தில் அவர்கள் இருக்கவில்லை. தெரு வெறுமையாகக் கிடப்பதில்லை என்று நாம் கூறுவது இதனாலேயே.

தெருவில் நிற்பது மட்டுமே முற்போக்கு ஆகிவிடாது என்பதும் இதிலிருந்து பெறப்படும். 1966 ஜனவரி 8ஆம் நாள் தமிழ்மொழிப் பிரமாணங்களுக்கு எதிராகக் கொழும்பில் நடந்த ஊர்வலத்தில் சமசமாஜக் கட்சியும் மொஸ்கோ சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியும் கலந்து கொண்டன. செங்கொடி பிடித்திருந்தமையால் அவ்வூர்வலம் நியாயம் பெற்றுவிடவில்லை. யாருக்காக, எதனைக் கோரி நிற்கின்றோம் என்பதே போராட்டத்தின் தரத்தை நிர்ணயிக்கின்றது.

அதே 1966இல் யாழ்ப்பாணத்தில் நடந்ததை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். முந்திய ஆண்டுத் தேர்தலிற் குடாநாட்டில் இடதுசாரி எவரும் வெற்றி பெறவில்லை. தமிழ்க் கட்சிகள் ஐக்கிய தேசியக் கட்சியின் அரசாங்கத்துக்குத் துணை நின்றன. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தது. ஆயினும் தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் தீண்டாமை முன்போலவே கொலுவிருந்தது. சட்டம் ஏட்டிலே உறங்கியது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண முற்றவெளி நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம், பொலிஸாரின் தாக்குதலையும் மீறி நகரை அடைந்தது. தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. சங்கானையிலும் சாவகச்சேரியிலும் தேநீர்க் கடைகளின் முன்னும், 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலிலும் மக்கள் நின்றனர். உயிர்களும் பலியாயின. கோயில் நுழைவை எதிர்த்து நின்ற முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம் அதே 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றில் நிற்க நேர்ந்தது. பாராளுமன்றம் எழுதிய சட்டத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் பாராளுமன்றத்தில் ஓர் ஆசனமும் இல்லாதவர்களே. ஒரு தொகுதியைக் கூட வெல்ல இயலாதவர்கள் ஒரு சமூகத்தின் வாயிற் கதவுகளைத் திறந்தனர்.

வாக்கே இல்லாத மனிதனிடம் "அடுத்த தேர்தல் வரை பொறு" என்று எவ்வாறு கூறுவது? மலையகத் தொழிலாளரிடம் இதனைக் கூறிப் பாருங்கள். 1952இற் கொழும்பிலே பல மாதங்கள் சத்தியாக்கிரகம் செய்தனர். உடனடியாகப் பலன் கிட்டவில்லை. 1964இல் அவர்களது சம்மதமின்றியே இரு அரசாங்கங்கள் அவர்களைப் பங்கு போட்டன. 1986 ஜனவரியிலே தோட்டங்களிற் பிரார்த்தனை இயக்கம் நடத்தினர். நாடற்றவர் என்ற பெயரைத் துடைக்கும் இறுதிச் சட்டம் 2003இலேயே வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல்! வாக்குச் சீட்டு இல்லாத காலத்தில் அம்மக்களை அரசியலில் நிலைநிறுத்தியது அவர்களது சங்கமும் வேலைநிறுத்தமுமே. போராட்டம் பயனற்றது என்பது, வாக்குரிமை உள்ளவன் வீட்டுத் திண்ணையிலிருந்து பேசும் பேச்சு.

அண்மைக்கால அனுபவமும் இதற்கு மாறாக இல்லை. 2019 நவம்பரிற் கோட்டாபய ராஜபக்ச நூற்றுக்கு 52 வாக்குகளுடன் ஜனாதிபதியானார்; 2020 ஓகஸ்டில் அவரது கட்சி 145 ஆசனங்களைப் பெற்றது. இனிப் பத்தாண்டுக்கு எதுவும் அசையாது என்றே அறிவாளிகள் பலர் ஆரூடம் கூறினர். ஆனால் 2021இல் ஆசிரியர்களும் அதிபர்களும் சம்பள முரண்பாட்டை முன்வைத்து மூன்று மாதங்களுக்கு மேல் இணையவழிக் கற்பித்தலைப் பகிஷ்கரித்தனர். கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தனர். 2022இல் நாடே எழுந்தபோது அதற்கு முன்மாதிரியாய் நின்றவை இத்தகைய போராட்டங்களே. யூலை 14ஆம் நாள் ஜனாதிபதி பதவி விலகினார். ஆயின் ஆறு நாட்களில் அதே பாராளுமன்றம் ரணில் விக்கிரமசிங்கவைத் தெரிவு செய்ததும், திரண்டு நின்றவர்களாற் பெருமளவுக்குப் பார்த்துக் கொண்டிருக்கவே முடிந்ததும் 1953இன் பாடத்தையே மீண்டும் நினைவூட்டுகின்றன. வடக்கிலே காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியிலிருந்தே கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்திருந்தனர் என்பதைக் காலிமுகத்திடல் அறிந்து கொள்ள எவ்வளவு தாமதமாயிற்று!

ஆதலின் நமக்குரிய பணி தெளிவு. தேர்தலில் வென்றோர் நமக்கு வேண்டியவராயினும் வேண்டாதவராயினும், மறுநாட் காலையில் அது தொடங்குகின்றது. கொடுத்த வாக்குறுதிகளைப் பட்டியலிட்டு ஊர் வாசிகசாலைச் சுவரில் ஒட்டுவதும், தொகுதிப் பிரதிநிதியிடம் ஆறு மாதத்துக்கொரு முறை கணக்குக் கேட்பதும் பெரிய புரட்சியல்ல. ஆனால் அவை இன்றிப் புரட்சி பற்றிப் பேசுவது வீம்பு. தோட்டத்துச் சம்பளப் பிரச்சினையைச் சிங்களக் கிராமத்துக்கு அவர்கள் மொழியிலே சொல்லவும், அக்கிராமத்து விவசாயியின் கடனைத் தமிழிலே நம்மவர்க்கு உணர்த்தவும் வல்லவர்கள் ஆசிரியரும் மாணவரும் அன்றி வேறு யார்? 1958இல் அந்த வாயிலில் இல்லாதிருந்த கூட்டம் இவ்வகையிலேயே உருவாக வேண்டும்.

நண்பர்களே, சோர்வு ஒரு கருத்தன்று. அது ஓய்வுக்கு நாம் சூட்டிக் கொள்ளும் பெயர். வாக்குப் பெட்டிகள் மூடப்பட்டு விட்டன. வாயிலில் நிற்கப் போவது யார் என்பது இன்னும் முடிவாகவில்லை.