சொட்டுவது மழைத் தண்ணீர் அல்ல



தை, மாசியில் வானம் வெளுத்துக் கிடக்கிறது, ஆனாலும் வெயில் ஏறியதும் கூரை சொட்டுகிறது. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் சீலிங் போட்ட வீடுகளிலிருந்துதான் இந்த முறைப்பாடு. தகரம் ஓட்டையென்று தார் பூசியும் நிற்கவில்லை.

பாசிக்குடா ஹோட்டல்களில் வேலை செய்யும் எமது பிள்ளைகள் அங்கே கண்டதை வீட்டுக்கும் செய்கிறார்கள். தகரத்தின் கீழ் வெள்ளித்தாள், ரெஜிபோம், பிறகு சீலிங். நல்ல ஆசைதான். ஆனால் பாசிக்குடாவில் மறிக்க வேண்டியது மேலிருந்து இறங்கும் வெயிலை. மலையில் கதை தலைகீழ். சூடும் ஈரமும் வீட்டுக்குள்ளே, குளிர் வெளியே. சோற்றுப் பானையின் ஆவி, அடுப்புக்கு மேல் காயும் பள்ளிச் சீருடையின் ஈரம், ஒரே காம்பராவில் தூங்கும் ஐந்தாறு பேரின் மூச்சு, எல்லாம் சீலிங் இடுக்கால் மேலே போகிறது. முன்பு கூரையோர இடைவெளியால் வெளியேறியது; குளிருக்கு அதையும் சாக்கால் அடைத்தாயிற்று. வீட்டுச் சூட்டை சீலிங் மறிப்பதால் தகரம் முன்னையை விடக் குளிர்கிறது. தெளிந்த இரவில் அது வெளிக்காற்றையும் விடக் குளிர்ந்துவிடும். ஆவி அதில் பட்டு நீராகும். கொழுந்தைக் கருக்கும் துகள் உறைபனி விழும் இரவில் அந்த நீர் தகரத்தின் அடியிலேயே உறையும், காலையில் ஒன்றாக உருகிக் கொட்டும். சீலிங்கில் பூஞ்சணம், வகுப்பில் இருமல்.

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. கூரையின் இரு ஓரத்திலும் எலி புகாதபடி கம்பி வலை அடித்த காற்றுத் துவாரம் வேண்டும். புகைபோக்கி சீலிங்குக்கு மேலே நின்றுவிடாமல் தகரத்தைத் தாண்ட வேண்டும். சீலிங் இடுக்குகளை அடைக்க வேண்டும். பொலித்தீன் விரிப்பதானால் ரெஜிபோமின் அடிப்பக்கம், வீட்டுச் சூடு இருக்கும் பக்கம்.

ஆனால் லயம் தொழிலாளியின் பெயரில் இல்லை. துவாரம் போட அனுமதி கேட்ட ஒரு குடும்பத்துக்குத் தோட்டத்தில் கிடைத்த பதில்: "சீலிங் நீங்க போட்டது, நீங்களே பாத்துக்கங்க." இதை நாம் ஏற்க முடியாது. காற்றுப் போக வழியில்லாத கூரை கட்டடத்தின் குறை, குடியிருப்பவரின் குற்றமல்ல. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளானாலும் சரி, வேறெந்தத் திட்டமானாலும் சரி, மலைநாட்டில் கட்டும் வீட்டின் மதிப்பீட்டிலேயே காற்றுத் துவாரமும் புகைபோக்கியும் இருக்க வேண்டும். பாசிக்குடாவுக்குப் பொருந்தும் கூரைப் படத்தை நுவரெலியாவுக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது.

தலைவர்மாரும் மாதர் அணித் தலைவிகளும் சொட்டும் வீடுகளின் லய இலக்கத்தை எழுதி அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மார்கழிக்கு முன் நிர்வாகத்தோடு பேச அந்தப் பட்டியல் வேண்டும்.