காற்றுமானி இல்லாத காற்றாலை

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அக்காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சி நம் மாநிலத்தில் 1986ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தொடங்கி, பின்னர் முப்பந்தல், உடுமலை வட்டாரங்களில் பெரிதும் பரவிற்று. நூற்பாலைகள் பல சொந்தக் காற்றாலைகளை நிறுவியுள்ளன. தறிக்கூடத்திற்கோ கிணற்று மோட்டாருக்கோ சிறு காற்றாலை ஒன்று வாங்க எண்ணும் சங்கங்களுக்கு ஒரு விஷயத்தை எடுத்துரைப்பது நமது கடமை எனக் கருதுகிறோம்.

நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், காற்றுக் காலம் முழுவதும் காற்றாலை பயனற்று நின்றது. இறக்கையிலும் பழுதில்லை, ஜெனரேட்டரிலும் பழுதில்லை. காற்றின் வேகத்தை அளக்கும் கிண்ணக் கருவியாகிய காற்றுமானி தூசியால் இறுகிவிட்டது. காற்றே வீசவில்லை என்று அது தெரிவிக்க, கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதை நம்பிற்று. வைகாசியில் இறுகிய கருவிக்கு மாற்று வந்து சேர்ந்தபோது ஆவணி முடிந்திருந்தது. அங்கத்தினர் பங்குப் பணத்தில் வாங்கிய யந்திரம், கைப்பிடியளவுள்ள உறுப்பு ஒன்றினால் ஓராண்டு வருமானத்தை இழந்தது.

அக்கருவி ஏன் வைக்கப்படுகிறது? காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் சக்தி எட்டு மடங்காகிறது. அதில் 59.3 சதவீதத்திற்கு மேல் எந்த இறக்கையும் பெற இயலாது என்று ஜெர்மன் அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920இல் காட்டினார். அந்த எல்லையை நெருங்க வேண்டுமாயின், மூன்று இறக்கைச் சக்கரத்தின் நுனி, காற்றைப்போல் சுமார் 6 முதல் 8 மடங்கு வேகத்தில் செல்ல வேண்டும். சுமை மிகுந்தால் சக்கரம் தளர்ந்துவிடும். குறைந்தால் வீணே சுழலும். ஆகவே காற்றை அளந்து, அதற்கேற்பச் சுமையை மாற்றினர். ஆனால் இறக்கைகளுக்குப் பின்னால் வைத்த கருவி, அவை கலக்கிவிட்ட காற்றையே அளக்கிறது என்பதை மறத்தலாகாது.

இக்கருவியின்றியே வேலை நடத்த வழியுண்டு. ஜெனரேட்டர் தரும் மின்சாரமே சக்கரத்தின் வேகத்தைச் சொல்லிவிடுகிறது. 24 துருவங்களுள்ள ஜெனரேட்டர் நிமிடத்திற்கு 150 சுற்றுச் சுழன்றால், வினாடிக்கு 30 மின்னலைகள் எழும். அலைகளை எண்ணினால் சுற்று தெரியும்; இன்ன சுற்றுக்கு இவ்வளவு சுமை என்ற அட்டவணை பெட்டியில் இருந்தால் போதும். மற்றொரு முறையில், பெட்டி சுமையைச் சிறிது மாற்றிப் பார்க்கிறது. உற்பத்தி கூடினால் அதே திசையில் தொடர்கிறது, குறைந்தால் திரும்புகிறது.

குறைகளும் உள. இரண்டாம் முறை திடீர்க் காற்றில் ஏமாறும். நூல் விலை இறங்கிய மாதத்தில் கண்ட லாபத்தைத் தமது நிர்வாகத் திறமை என்று நம்பும் செயலாளரைப் போல, காற்று தந்த உயர்வைத் தன் செயலால் வந்ததாக அது கருதிவிடும். முதல் முறையில் அட்டவணை பிழையானால், யந்திரம் சுழன்றுகொண்டே குறைவாக விளைவிக்கும். பார்ப்பவருக்குப் பழுது தெரியாது. மிக மெதுவான சுழற்சியில் மின்னழுத்தம் குன்றுவதால் கணக்கும் தடுமாறும். மிகுவேகத்தில் சக்கரத்தை நிறுத்தும் பிரேக் ஏற்பாட்டை மட்டும் இக்கணக்கை நம்பிக் கைவிடவே கூடாது. அது தனித்தே இயங்க வேண்டும்.

ஆயினும் சிறு சங்கங்களுக்குக் காற்றுமானியை நம்பாத யந்திரமே ஏற்றது என்பது நமது உறுதியான அபிப்பிராயம். உச்சியில் ஏறிப் பழுது பார்க்க வேண்டிய உறுப்பு ஒன்று குறைகிறது. அதன் வேலையைக் கணக்கு ஏற்கிறது. அந்தக் கணக்கு விற்பவரின் இரகசியமாக இருத்தலாகாது. சுமை அட்டவணையையும் ஜெனரேட்டரின் அளவுகளையும் எழுத்து மூலம் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டுமென ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்க. அங்கத்தினர் ஒருவரேனும் அதைக் கற்றுக்கொள்க. மாதந்தோறும் விளைந்த யூனிட்டுகளைப் பேரேட்டில் பதிந்து, முந்திய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுக. ஓசையின்றி நேரும் நஷ்டத்தைக் கண்டுபிடிக்க அதுவே வழி.

விலைப்புள்ளியில் கையொப்பமிடுமுன், இவற்றை நிர்வாகக் குழுவிடம் கேட்கும் உரிமை ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உண்டு. அவ்வுரிமையை அடுத்த பொதுப்பேரவையிலேயே பயன்படுத்துமாறு வேண்டுகிறோம்.