சத்தியம் பண்ணினால் குடி நிற்குமா?

ஆகஸ்டில் வெஸ்ட் ஈலிங்கில் ஸ்ரீ கனக துர்க்கை அம்மன் தேர் ஓடும்போது நானும் குடும்பத்தோடு போவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூட்டத்தில் வடம் பிடித்து நின்ற ஒருவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். பெயர் வேண்டாம். வேலை முடிந்து வந்தால் தினமும் அரைப் போத்தல் விஸ்கி. ஒருநாள் வீட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் மகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு அடியோடு நிறுத்தினார். மூன்றாம் நாள் காலை குசினியில் வலிப்பு வந்து விழுந்தார். "திரும்பவும் குடிச்சிருப்பார்" என்றுதான் உறவினர்கள் சொன்னார்கள். உண்மையில் அவர் ஒரு துளியும் தொடவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றியதால்தான் விழுந்தார்.

நம்மில் பலருக்குத் தெரியாத விடயம் இதுதான். மது மூளையை அமர்த்தி வைக்கிறது. ஆண்டுக்கணக்கில் அப்படி அமர்த்தப்பட்ட மூளை, அதற்கு ஈடுகொடுக்கத் தன்னைத் தானே முடுக்கி வைத்துக்கொள்கிறது. மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் அந்த முடுக்கத்துக்குக் கடிவாளம் இல்லை. கைநடுக்கம், வலிப்பு, இல்லாத உருவங்களைக் காணும் மனக்குழப்பம் என்று வளர்ந்து உயிரையே பறிக்கலாம். ஆகவே நாள்தோறும் நிறையக் குடிப்பவர் வைத்தியரிடம் கேட்காமல் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. சில நாட்களுக்கு மருந்து கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து, விற்றமின் பி1-உம் சேர்த்துக் கொடுப்பார்கள். இங்கிலாந்தில் இந்தச் சிகிச்சை இலவசம். ஆனால் குடும்ப வைத்தியரும் தமிழராக இருந்தால் நம்மவர் வாயே திறப்பதில்லை, 'ஊருக்குள்ளே கதை போய்விடும்' என்ற பயம்!

பிரிட்டனில் மதுவே நேரடிக் காரணமான மரணங்கள் 2019-இல் 7,565. 2023-இல் 10,473. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் ஏறிய போத்தல் பல வீடுகளில் இறங்கவேயில்லை.

தமிழகத்திலோ விவாதம் முழுவதும் கடைகளைச் சுற்றியே நடக்கிறது. 2003-இல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்கு வந்தது. 2016, 2017, 2023 என்று மூன்று முறை ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகளை மூடினார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. கடையை மூடுவது தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மூடிய மறுநாள் நடுங்கும் கையோடு எழுந்திருப்பவன் எங்கே போவான் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்ட ஒருவர் உண்டு. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். பிறகு மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே முகாமைக் கொண்டுபோனார். அங்கே மனைவிக்கும் தனியாக ஆலோசனை உண்டு. குடியை மறைத்து, கடனை அடைத்து, பொய் சொல்லிப் பழகிய வீடும் சேர்ந்து தேற வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் கண்ட பாடம்.

நம் அண்ணைக்கு முறையான சிகிச்சை கிடைத்தது. அதன்பின் இரண்டு முறை சறுக்கினார். இரண்டாம் முறை மனைவி அழவில்லை, சண்டை போடவில்லை, வைத்தியரைக் கூப்பிட்டார். இப்போது மூன்றாவது ஆண்டு நடக்கிறது.

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழா. அண்ணை தோடம்பழச்சாறு கேட்டார். "சும்மா ஒரு பெக், இண்டைக்கு மட்டும்" என்று சிரித்தபடி கிளாஸை நீட்டினார் விழாக்காரர். அண்ணை வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்துவிட்டார். கேக் வெட்டும்வரை நானும் பக்கத்தில் இருந்தேன்.