ஹோட்டல் அறையைத் தினமும் சுத்தம் செய்யணுமா? 'வேண்டாம்' என்று சொன்னால் மிச்சம் யாருக்கு?

வார இறுதியில் ஸ்டேகேஷன் போகிறீர்கள். கட்டில்மேல் ஒரு சின்ன அட்டை. பச்சை நிறம், ஓரத்தில் இலைப் படம். "பூமியைக் காக்க உதவுங்கள். இன்று சுத்தம் வேண்டாம் என்றால் இதைக் கதவில் மாட்டுங்கள்" என்கிறது. நீங்களும் மாட்டிவிட்டு நீச்சல் குளத்துக்குப் போய்விடுகிறீர்கள். இரண்டு நாளில் அறை என்ன பெரிதாக அழுக்காகிவிடப் போகிறது?

சில ஹோட்டல்களில் இப்போது அந்த அட்டைகூட இல்லை. நீங்கள் போன் போட்டுக் கேட்டால்தான் சுத்தம் செய்ய வருவார்கள். முன்பு வேண்டாம் என்றால்தான் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது வேண்டும் என்றால் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்க்கச் சின்ன மாற்றம்தான். ஆனால் இதற்காக அமெரிக்காவில் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் வரை போயிருக்கின்றன, நகர மன்றங்கள் சட்டமே போட்டிருக்கின்றன. ஒரு கட்டிலை விரிப்பதற்கா இவ்வளவு சண்டை?

அட்டையின் கதை

'கிரீன்வாஷிங்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். பச்சைச் சாயம் பூசிக்கொள்வது. அந்தச் சொல் பிறந்ததே ஹோட்டல் துண்டில்தான் என்பது பலருக்குத் தெரியாது. துண்டை மறுபடி பயன்படுத்துங்கள், சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள் என்று ஹோட்டல்கள் வைத்த அட்டைகளைப் பார்த்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஆர்வலர் ஜே வெஸ்டர்வெல்ட், 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில் அதைப் பயன்படுத்தினார். மற்ற விஷயங்களில் சுற்றுச்சூழலைப் பற்றிக் கவலைப்படாதவர்கள், சலவைச் செலவு என்று வரும்போது மட்டும் பூமியை நினைத்துக்கொள்கிறார்களே என்பது அவருடைய கேள்வி.

அதற்காக அட்டையே பொய் என்று சொல்லிவிட முடியாது. அது வேலை செய்கிறது. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பூமியைக் காப்பாற்றுங்கள் என்று மட்டும் எழுதியபோது சுமார் 35 விழுக்காட்டு விருந்தினர்கள் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள். இங்கே தங்குபவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள் என்று எழுதியதும் அது 44 விழுக்காடு ஆனது. "இதே அறையில் தங்கியவர்கள்" என்று குறிப்பிட்டபோது இன்னும் ஏறி 49 விழுக்காடு. அடுத்தவர் செய்கிறார் என்றால் நாமும் செய்வோம். அவ்வளவுதான் நம் மனசு.

துவைத்த தண்ணீர் யார் கணக்கில்?

சிங்கப்பூரில் தண்ணீர் விளையாட்டு இல்லை. 2024 ஏப்ரலில் ஒரு கனமீட்டருக்கு 20 காசு, 2025 ஏப்ரலில் இன்னொரு 30 காசு என்று விலை ஏறியது. ஆண்டுக்கு 60,000 கனமீட்டருக்குமேல் தண்ணீர் பயன்படுத்தும் பெரிய நிறுவனங்கள், தண்ணீரை எப்படிச் சேமிக்கப்போகிறோம் என்ற திட்டத்தைப் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் கொடுக்க வேண்டும். பெரிய ஹோட்டல்கள் பல இந்த வரம்புக்குள் வந்துவிடும்.

2022இல் சிங்கப்பூர் ஹோட்டல் சங்கமும் பயணத்துறைக் கழகமும் சேர்ந்து ஒரு நீடித்த நிலைத்தன்மைப் பாதையை அறிவித்தன. 2025க்குள் ஹோட்டல் அறைகளில் 60 விழுக்காடு அனைத்துலகச் சுற்றுச்சூழல் சான்றிதழ் பெற வேண்டும், 2050க்குள் நிகரக் கரிம வெளியேற்றம் பூஜ்யமாக வேண்டும் என்பவை அதன் இலக்குகள். ஆகவே அந்தப் பச்சை அட்டை இனி அதிகமாகத்தான் கண்ணில் படும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இங்குள்ள பல ஹோட்டல்கள் விரிப்புகளையும் துண்டுகளையும் வெளியே சலவை நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. நீங்கள் விரிப்பை மாற்றாமல் விட்டால் தண்ணீர் மிச்சமாவது உண்மைதான். கூடவே ஹோட்டலின் சலவை பில்லும் குறைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம், தப்பில்லை. ஆனால் அட்டையில் முதலாவது மட்டும்தான் எழுதியிருக்கும்.

பெரிய மாற்றம் எப்போது வந்தது?

கோவிட் காலத்தில். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் ஹோட்டலில் வீட்டில் தங்கும் உத்தரவை நிறைவேற்றிய நாள்களை நினைத்துப் பாருங்கள். 14 நாள், அறைக்குள் ஒருவரும் வரமாட்டார்கள். சாப்பாடு கதவுக்கு வெளியே. அறையைத் தினமும் சுத்தம் செய்யாமலும் ஹோட்டல் நடத்தலாம் என்பதை உலகமே அப்போதுதான் பார்த்தது.

ஹோட்டல் நிறுவனங்களும் பார்த்தன. அமெரிக்காவில் ஹில்டன் நிறுவனம் 2021இல், ஆடம்பர ஹோட்டல்களைத் தவிர மற்றவற்றில் கேட்டால் மட்டுமே தினசரிச் சுத்தம் என்று மாற்றியது. நீண்ட நாள் தங்கினால் ஐந்தாம் நாள் ஒருமுறை தானாகச் செய்வோம் என்று அப்போது அறிவித்தது. விருந்தினர்களுக்கே இப்போது அதுதான் பிடிக்கிறது என்று விளக்கம் சொன்னார்கள். அதற்குச் சில மாதம் முன்பு அதே நிறுவனத்தின் தலைவர் கிறிஸ் நசெட்டா முதலீட்டாளர்களிடம் வேறு மாதிரிப் பேசியிருந்தார். நெருக்கடி முடிந்து வெளிவரும்போது லாப விகிதம் கூடியிருக்கும், முன்பைவிடக் குறைவான ஊழியர்கள் போதும், அந்தச் சிக்கனத்தில் ஹவுஸ்கீப்பிங்கும் ஒன்று என்பது அவர் சொன்னதன் சாரம். அந்தப் பேச்சில் பூமி வரவில்லை.

ஹோட்டல் ஊழியர் சங்கமான 'யுனைட் ஹியர்' உடனே கணக்குப் போட்டது. தினசரிச் சுத்தம் முழுசாகப் போனால் அமெரிக்காவில் 180,000 வேலைகள் வரை போகலாம் என்றது. சங்கத்தின் கணக்கு, அதனால் கொஞ்சம் தள்ளி நின்றே பாருங்கள். ஆனால் பயம் வீண் பயம் இல்லை. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு அறை குறைந்தால் மணி குறையும், மணி குறைந்தால் சம்பளம் குறையும். டிப்ஸும் போகும்.

விட்ட வேலை எங்கே போகிறது?

இந்த விவாதத்தில் பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். ஒருநாள் சுத்தம் செய்யாமல் விட்டால் அந்த வேலை காணாமல் போவதில்லை. அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகிறது.

ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை அறை என்று கணக்கு உண்டு. பல ஹோட்டல்களில் பத்துக்குமேல், பதினைந்தை ஒட்டி. அதில் இரண்டு வகை. விருந்தினர் இன்னும் தங்கியிருக்கும் அறை ஒன்று. அங்கே கட்டிலைச் சரிசெய்து, குப்பையை எடுத்து, குளியலறையைத் துடைத்து, துண்டு மாற்றிவிட்டு நகரலாம். இன்னொன்று விருந்தினர் கிளம்பிப்போன செக்-அவுட் அறை. அதில் எல்லாவற்றையும் உரித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நேரமும் பல சமயம் இரண்டு மடங்கு ஆகும்.

முன்பு ஒருவருடைய பட்டியலில் இரண்டு வகையும் கலந்து இருந்தன. லேசான அறை, கனமான அறை, மறுபடி லேசான அறை என்று மாறி மாறி வரும். இப்போது லேசான அறைகள் பட்டியலிலிருந்து போய்விட்டன. மிஞ்சியிருப்பது கனமானவை. அதுவும் நாலு நாள் யாரும் தொடாதவை. கண்ணாடித் தடுப்பில் சோப்புப் படிவம் காய்ந்திருக்கும். தண்ணீர் போகும் வழியில் முடி. கம்பளத்தில் செந்தோசா மணல். குப்பைத்தொட்டி நிரம்பி, பக்கத்தில் முந்தாநாள் நாசி லெமாக் பொட்டலம். மாலை மூன்று மணிக்கு அடுத்த விருந்தினர் கவுண்டரில் நிற்பார்.

யோசிச்சுப் பாருங்க: அறை எண்ணிக்கை அதேதான், வேலை அதே இல்லை. நீங்கள் அட்டையை மாட்டியது அவருக்கு உதவி என்று நினைத்திருப்பீர்கள். அறைக்கான நேரத்தை ஹோட்டல் கூட்டிக் கொடுத்தால்தான் அது உதவி.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2022இல் போட்ட சட்டம் இதைத்தான் பிடித்தது. அறை எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பரப்பளவை எடுத்துக்கொண்டது. 60 அறைகளோ அதற்குமேலோ உள்ள ஹோட்டலில் ஒருவர் எட்டு மணி நேரத்தில் 3,500 சதுர அடிக்குமேல் சுத்தம் செய்யச் சொன்னால் அன்றைய வேலைக்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். சுத்தம் வேண்டாம் என்பவர்களுக்குப் புள்ளியோ பற்றுச்சீட்டோ கொடுத்து ஆசைகாட்டவும் கூடாது. லாஸ் வேகஸில் சமையல் ஊழியர் சங்கம் வேறு வழியில் போனது. 2023 நவம்பரில் எம்ஜிஎம், சீசர்ஸ், வின் ஆகிய பெரிய நிறுவனங்களுடன் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தங்களில் தினசரி அறைச் சுத்தத்தைக் கட்டாயமாக்கிக்கொண்டது.

எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்பெயினுடையது. அங்கே அறைத் துப்புரவாளர்கள் தங்களை 'லாஸ் கெல்லிஸ்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். சுத்தம் செய்யும் பெண்கள் என்ற சொற்றொடரின் சுருக்கம். முதுகுவலியைப் பற்றி அவர்கள் பல ஆண்டு குரல் கொடுத்தார்கள். 2022இல் பலியாரிக் தீவுகளின் அரசாங்கம், ஹோட்டல் கட்டில்கள் உயரத்தை மாற்றக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியது. குனிந்து மெத்தையைத் தூக்க வேண்டாம், கட்டிலே மேலே வரும்.

நம் ஊரிலும் அதே சண்டையா?

முழுசாக இல்லை. அமெரிக்காவில் வேலை போய்விடுமோ என்ற பயம். இங்கே ஆளே கிடைக்கவில்லை என்ற கவலை. 2024இல் சிங்கப்பூருக்கு 16.5 மில்லியன் வருகையாளர்கள் வந்தார்கள். அவர்கள் படுத்தெழுந்த கட்டில்களை விரிக்க உள்ளூரில் ஆள் தேடுவது சுலபமில்லை. 2023 செப்டம்பரிலிருந்து ஹோட்டல்கள் அறைத் துப்புரவுக்கும் பெட்டி தூக்கும் வேலைக்கும் இந்தியா, இலங்கை, பங்ளாதேஷ், மியன்மார், பிலிப்பீன்ஸ், தாய்லந்து ஆகிய நாடுகளிலிருந்து வேலை அனுமதியில் ஆள் எடுக்க மனிதவள அமைச்சு வழிவிட்டது. மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம். நிறுவனத்தின் மொத்த ஊழியர்களில் 8 விழுக்காட்டுக்குமேல் போகக்கூடாது.

ஆக இங்கே தினசரிச் சுத்தத்தைக் குறைத்தால் யாரும் உடனே வீட்டுக்கு அனுப்பப்படப் போவதில்லை. இருக்கிற ஆளை வைத்துச் சமாளிக்கலாம் என்பது ஹோட்டல்களின் வாதம், அதில் நியாயம் உண்டு. ஆனால் சமாளிப்பது யார் முதுகில் என்ற கேள்வி லாஸ் ஏஞ்சலிஸுக்கு மட்டும் உரியதல்ல. வேலை அனுமதியில் வந்து, முதலாளியை நம்பி இருக்கும் ஒருவர் "இந்த அறைக்கு நேரம் போதாது" என்று சொல்வது இன்னும் கஷ்டம்.

அடுத்து உங்கள் பில். இங்கே பல ஹோட்டல்கள் அறை விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போடும். 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்குமேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. மூன்று நாளும் சுத்தம் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த 10 விழுக்காடு அப்படியே இருக்கும். அதை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற சட்டமும் இங்கே இல்லை. சேவையை விட்டுக்கொடுத்தவர் நீங்கள், விட்டுப்போன வேலையைக் கடைசி நாளில் சேர்த்துச் செய்பவர் ஊழியர், மிச்சம் மட்டும் மூன்றாவது இடத்துக்குப் போகிறது. எனக்கு உறுத்துவது இதுதான்.

அப்போ தினமும் வேணுமா, வேணாமா?

தினமும் விரிப்பு மாற்றத் தேவையில்லை. வீட்டில் யார் அப்படி மாற்றுகிறோம்? ஒரு இரவு, இரண்டு இரவுக்கு முழுச் சுத்தமும் தேவையில்லை என்றே சொல்வேன். ஆனால் அதை ஹோட்டலே முடிவு செய்துவிட்டு 'உங்கள் விருப்பம்' என்று பெயர் வைக்கக்கூடாது. செக்-இன் செய்யும்போதே கேட்கட்டும். கைக்குழந்தையோடு வருபவர், ஆஸ்துமா உள்ளவர், ஒரு வாரம் தங்கும் முதியவர் ஆகியோருக்கெல்லாம் தினசரிச் சுத்தம் ஆடம்பரம் இல்லை. அவர்கள் போன் போட்டுக் கெஞ்ச வேண்டிய நிலைமை சரியில்லை.

சுத்தம் வேண்டாம் என்றாலும் யாராவது ஒருமுறை வந்து பார்ப்பது நல்லது. 2017 அக்டோபரில் லாஸ் வேகஸில் ஒருவன் ஹோட்டல் அறையிலிருந்து கீழே கூட்டத்தைச் சுட்டான். 'தொந்தரவு செய்யாதீர்' அட்டையை அதற்குமுன் நாள்கணக்கில் கதவில் மாட்டியிருந்தான். அதற்குப் பிறகு டிஸ்னியின் சில ஹோட்டல்கள் அந்த அட்டையையே எடுத்துவிட்டு, அறையில் ஆள் இருக்கிறார் என்று மட்டும் சொல்லும் அட்டையை வைத்தன. அவ்வளவு பயங்கரம் வேண்டாம். தனியாகத் தங்கியவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால்? ஏர்கான் தண்ணீர் ஒழுகினால்? முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் ஹவுஸ்கீப்பிங் ஊழியர்தான்.

அடுத்த முறை ஹோட்டலில் தங்கும்போது கவுண்டரில் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். சுத்தம் வேண்டாம் என்றால் எனக்கு என்ன கிடைக்கும்? நாலு நாள் விட்ட அறைக்கு உங்கள் ஊழியருக்குக் கூடுதல் நேரம் உண்டா? இரண்டாவது கேள்விக்குக் கவுண்டரில் இருப்பவரிடம் பதில் இருக்காமல் போகலாம். கேள்வி மேலே போனால் போதும்.

அட்டை மாட்டுவதாக முடிவு செய்தால் முந்தின இரவே மாட்டிவிடுங்கள். யாருக்கு எந்த அறை என்ற பட்டியல் காலையிலேயே பிரிந்துவிடும். குப்பையைக் கட்டி வையுங்கள். மூன்று நாள் துண்டுகளையும் கிளம்பும் அன்று ஒரே இடத்தில் குவித்துவிட்டுப் போங்கள். கட்டிலுக்கு அடியில் ஒன்று, பால்கனியில் ஒன்று என்று தேடவைக்காதீர்கள்.