மெயினை அணைத்தால் போதுமா? பூட்டு எங்கே?

கரண்டு வேலையில் ஆளைக் கொல்ல பழுதான ஒயர் வேண்டியதில்லை. விவரம் தெரியாமல் சுவிட்சைப் போட ஒரு கை போதும்.

பட்டறையில் ஒருவர் மெயினை அணைத்துவிட்டு மோட்டாரைப் பிரிப்பார். அடுத்த ஷிப்ட் ஆள் வருவார். “யாருய்யா அணைச்சது?” என்று சுவிட்சைப் போட்டுவிடுவார். அவ்வளவுதான்!

“போடாதே” என்று அட்டை மாட்டினால் போதாது. மெயினுக்குப் பூட்டுப் போடவேண்டும். சாவி வேலை செய்பவர் பையில் இருக்கவேண்டும். நாலு பேர் என்றால் நாலு பூட்டு. கடைசிப் பூட்டு கழறும்வரை கரண்டு வரக்கூடாது.

பூட்டிய பிறகும் மீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும். ஜெனரேட்டர் வழியாக ‘ரிட்டர்ன்’ கரண்டு வரலாம்.

இது புதுசு அல்ல. அமெரிக்காவில் 1989-லேயே தொழிற்சாலைகளுக்கு இதை விதியாக்கிவிட்டார்கள்.

பூட்டு வாங்கித் தருவது முதலாளி பொறுப்பு. “அஞ்சு நிமிஷ வேலைதானே” என்று அவசரப்படுத்துவதை முதலில் நிறுத்தட்டும்!