பத்துப் பைசா சோடா விற்ற பையன்! ஊர் ஊராகப் போய்க் கோல் போட்ட விஜயன்

"திமிரு" படம் பார்த்தவர்களுக்கு அந்த முகம் தெரியும். வில்லன் கூட்டத்தில் ஒருவர். முரட்டுப் பார்வை. கட்டு மஸ்தான உடம்பு. "கொம்பன்" படத்திலும் வந்தார். கால்பந்தை வைத்தே எடுத்த "பிகில்" படத்திலும் வந்தார்.

"யாரோ ஒரு சண்டைக்காரர்" என்று பலர் நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

அவர் சண்டைக்காரர் அல்ல. இந்தியாவே கொண்டாடிய கால்பந்து ஆட்டக்காரர்! பெயர், ஐ.எம்.விஜயன். ஊர், கேரளத்தில் உள்ள திருச்சூர்.

நெல்லை ஜங்ஷனில் இரவு பாலருவி ரயிலில் ஏறினால், செங்கோட்டை மலையைத் தாண்டி, மறுநாள் திருச்சூரில் இறங்கிவிடலாம். அவ்வளவு பக்கம்.

பிழைக்கப் போனவர்

மேலப்பாளையத்தில் ஆண்கள் ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைப்பது புதிது அல்ல. சிலர் துபாய்க்குப் போனார்கள். சிலர் சவூதிக்குப் போனார்கள். சென்னையில் கடை வைத்தவர்கள் உண்டு. வீட்டில் தாய்மார்கள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியும், வெளியூரில் இருந்து வரும் பணமும் சேர்ந்துதான் குடும்பம் நடக்கும்.

விஜயனும் அப்படி ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைத்தவர்தான். அவர் கையில் கொண்டுபோன சரக்கு வேறு. இரண்டு கால்கள்!

இன்றைக்கும் பாளையங்கால்வாய்க் கரையில், அறுவடை முடிந்த வயலில், சாயங்காலம் ஆனால் பையன்கள் பந்து உதைக்கிறார்கள். அதில் ஒருவன் கெட்டிக்காரனாக இருந்தால், ஒருநாள் யாராவது வீட்டுக்கு வந்து கேட்பார்கள்: "உங்கள் மகனை எங்கள் கிளப்புக்கு அனுப்புகிறீர்களா?"

என்ன பதில் சொல்வது? அனுப்பினால் சோறு கிடைக்குமா? எத்தனை வருஷம் கிடைக்கும்? விஜயன் கதையைத் தெரிந்துகொண்டால், இந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும்.

மைதானத்தில் சோடா

விஜயன் பிறந்தது 1969-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி. ஏழைக் குடும்பம்.

திருச்சூரில் நகரசபை மைதானம் இருக்கிறது. அங்கே பந்தயம் நடந்தால் கூட்டம் கூடும். கூட்டத்துக்குத் தாகம் எடுக்கும். சிறுவன் விஜயன் சோடா விற்பான். ஒரு பாட்டில் பத்துப் பைசா!

சோடா விற்றால் ஒரு லாபம். டிக்கெட் இல்லாமல் பந்தயம் பார்க்கலாம். பெரிய ஆட்டக்காரர்கள் எப்படி ஓடுகிறார்கள், எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று அவன் பார்த்தான். பார்த்ததை உதைத்துப் பழகினான். (பையன் விளையாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றால், சோடா எப்படி விற்றிருக்கும் என்று கேட்கக்கூடாது!)

17-வது வயதில் கேரளப் போலீஸ் அவனைத் தங்கள் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டது. சோடா விற்ற பையன் போலீஸ்காரர் ஆனார்!

போலீஸ் கோஷ்டி என்றால் சாதாரணம் அல்ல. 1990-ல் திருச்சூரில் பெடரேஷன் கோப்பைப் பந்தயம் நடந்தது. நாட்டில் உள்ள பெரிய கிளப்புகள் எல்லாம் மோதுகிற பந்தயம் அது. கேரளப் போலீஸ் ஜெயித்தது. அடுத்த ஆண்டு கண்ணூரிலும் அதுவே ஜெயித்தது. சத்யன், பாப்பச்சன், ஷரப் அலி ஆகியோர் விஜயனோடு ஆடினார்கள். எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள். காலையில் பயிற்சி. மாலையில் பந்தயம். வயதானால் பென்ஷன்.

கல்கத்தா கூப்பிட்டது

1991-ல் விஜயன் அந்த வேலையை விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்குப் போனார். மோகன்பகான் கிளப் கூப்பிட்டது.

கல்கத்தாவில் கால்பந்து என்றால் பைத்தியம். மோகன்பகான் ஒரு பக்கம். ஈஸ்ட் பெங்கால் மறு பக்கம். இரண்டும் மோதினால் ஊரே இரண்டாகப் பிரியும். ஒரு வீட்டில் இறால் குழம்பு, எதிர் வீட்டில் ஹில்சா மீன் குழம்பு என்று சாப்பாட்டில்கூடக் கட்சி உண்டு.

ஒரு காலத்தில் அங்கே ஆட்டக்காரரைக் கையெழுத்துப் போட வைக்க என்னென்னவோ நடக்கும். ஒரு கிளப்காரர்கள் அவரை வீட்டில் இருந்து அழைத்துக்கொண்டுபோய் ஒளித்து வைப்பார்கள். மறு கிளப்காரர்கள் தேடி அலைவார்கள். கையெழுத்து விழும்வரை அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது!

மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது வேடிக்கையாகப் படும். மாட்டுச் சந்தைகளில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து ரகசியமாக விலை பேசுகிற வழக்கம் உண்டு. ஆட்டக்காரர் விலையும் அப்படித்தான் பேசப்பட்டது. ஒரே ஒரு வித்தியாசம். மாட்டை விற்றால் பணம் வியாபாரிக்கு. இங்கே பணம் ஆட்டக்காரருக்கு.

துணி ஆலையின் கோஷ்டி

விஜயன் கல்கத்தாவிலேயே தங்கிவிடவில்லை. 1992-ல் மீண்டும் கேரளப் போலீசுக்கு வந்தார். 1993-ல் மீண்டும் மோகன்பகான். 1994-ல் பஞ்சாப்!

பஞ்சாபில் பக்வாரா என்ற ஊர். அங்கே ஜே.சி.டி. என்ற துணி ஆலை. ஆலை முதலாளிகள் ஒரு கால்பந்துக் கோஷ்டி வைத்திருந்தார்கள். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த மேலப்பாளையத்துக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். துணி நன்றாக விற்றால், கோஷ்டிக்கும் நல்ல காலம்.

1996-ல் தேசிய லீக் பந்தயம் முதன் முதலாகத் தொடங்கியது. 1997-ல் முடிந்தது. ஜே.சி.டி. சாம்பியன்! இந்தியாவின் முதல் லீக் சாம்பியன் ஒரு துணி ஆலையின் கோஷ்டி!

அதே 1997-ல் கொச்சியில் எப்.சி.கொச்சின் என்ற புதுக் கிளப் பிறந்தது. ஆபீசும் இல்லை, ஆலையும் இல்லை. கால்பந்தே தொழில் என்று தொடங்கிய கிளப் அது. விஜயன் அங்கே வந்தார். சொந்த மாநிலம். பிறந்த வருஷமே அந்தக் கிளப் டூரண்ட் கோப்பையை வென்றது. அதற்கு முன் கேரளக் கிளப் எதுவும் அந்தக் கோப்பையைத் தொட்டது இல்லை.

இரண்டு விஜயன்கள்

இங்கே ஒரு குழப்பம். அந்த எப்.சி.கொச்சினில் இரண்டு விஜயன்கள்! ஒருவர், திருச்சூர் ஐ.எம்.விஜயன். இன்னொருவர், தமிழர்! ராமன் விஜயன்.

1997-98 தேசிய லீக்கில் அதிகக் கோல் போட்டவர் யார் தெரியுமா? நம் ராமன் விஜயன்தான்! 10 கோல்! இந்தச் சேதி தமிழ்நாட்டிலேயே பலருக்குத் தெரியாது. கிரிக்கெட்காரர் பத்து ரன் எடுத்தால்கூடப் படம் போடுகிறோம். இந்தியாவிலேயே முதலிடம் பிடித்த தமிழரை மறந்துவிட்டோம்.

அவரும் பல ஊர்க் கிளப்புகளில் ஆடியவர். ஆடி முடித்த பிறகு, பையன்களுக்குக் கால்பந்துப் பள்ளி தொடங்கினார். சிவகங்கைச் சீமையில் கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன் அந்தப் பள்ளியில் பயின்றவர். பின்பு பெங்களூர் எப்.சி. கிளப்புக்குப் போனார். 2022 டூரண்ட் கோப்பை இறுதிப் பந்தயத்தில் மும்பை கோஷ்டிக்கு எதிராகக் கோல் போட்டார். பெங்களூர் 2-1 என்று ஜெயித்தது.

பன்னிரண்டு வினாடி!

விஜயன் இந்தியாவுக்காகவும் ஆடினார். 1999-ல் நேபாளத்தில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. இந்தியாவுக்கும் பூட்டானுக்கும் பந்தயம். நடுவர் விசில் ஊதினார். கூட்டம் இன்னும் சரியாக உட்காரவில்லை. கோல்!

12-வது வினாடியில் விஜயன் பந்தை வலைக்குள் தள்ளிவிட்டார். உலகத்திலேயே மிக வேகமாகப் போட்ட கோல்களில் அதுவும் ஒன்று.

1993, 1997, 1999 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. 2003-ல் ஐதராபாத்தில் ஆப்பிரிக்க-ஆசியப் போட்டி நடந்தது. இந்தியாவுக்கு வெள்ளிப் பதக்கம். அதில் 4 கோல் போட்டார். அத்தோடு நாட்டுக்காக ஆடுவதை நிறுத்திக்கொண்டார்.

கிளப் ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. மோகன்பகான், மறுபடி கொச்சின், ஈஸ்ட் பெங்கால், மறுபடி ஜே.சி.டி., கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸ், மறுபடி ஈஸ்ட் பெங்கால். 2006-ல்தான் ஓய்ந்தார். கிழக்கே கல்கத்தா, மேற்கே கோவா, வடக்கே பஞ்சாப், தெற்கே கேரளம் என்று நாலு திக்கும் சுற்றியாகிவிட்டது.

சீமையிலும் இதே கதை

கோல் போடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இப்படித்தான். ஸ்காட்லாந்தில் கென்னி மில்லர் என்று ஒருவர். கிளாஸ்கோ நகரில் ரேஞ்சர்ஸ், செல்டிக் என்று இரண்டு கிளப்புகள். கல்கத்தாப் பகையைவிடப் பெரிய பகை. மில்லர் இரண்டிலும் ஆடினார்! ரேஞ்சர்சில் மட்டும் மூன்று தடவை சேர்ந்தார். இங்கிலாந்து, துருக்கி, கனடா என்று நாடு நாடாகவும் போனார்.

ஏன் கோல் போடுகிறவர் மட்டும் அதிகமாக ஊர் மாறுகிறார்? காரணம் எளிது. கோல் போடாத கோஷ்டிக்கு அவர் உடனே வேண்டும். அவர் நாலு பந்தயத்தில் கோல் போடாவிட்டால், உடனே வேண்டாதவர் ஆகிவிடுவார். பந்தைத் தடுக்கிற ஆட்டக்காரரின் தவறு மறந்துபோகும். கோல் போடத் தவறியவரின் தவறு மறுநாள் பேப்பரில் வரும்.

ஆனால் மில்லருக்கும் விஜயனுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மில்லர் விட்டுவிட்டு வந்த கிளப்புகள் அங்கேயே இருந்தன. ரேஞ்சர்ஸ் பண நெருக்கடியில் கவிழ்ந்து கடைசி டிவிஷனுக்கு இறங்கியபோதுகூட, மறுபடி எழுந்து நின்றது. விஜயன் ஆடிய கிளப்புகள்?

எப்.சி.கொச்சின் சில ஆண்டுகளிலேயே பணம் இல்லாமல் மூடிவிட்டது. ஜே.சி.டி. 2011-ல் கோஷ்டியைக் கலைத்துவிட்டது. பம்பாயில் மகிந்திரா யுனைடெட் என்ற பெரிய கோஷ்டி 2010-லேயே கலைந்தது. முதலாளி பணப் பையை மூடினார். கிளப்பும் மூடியது.

2025-ல் நடந்தது

இது பழைய கதை என்று விட்டுவிட முடியவில்லை. 2025-ல் என்ன நடந்தது?

இந்தியன் சூப்பர் லீக் பந்தயம் 2014 முதல் நடந்து வருகிறது. அதை நடத்திய கம்பெனிக்கும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் 15 ஆண்டு ஒப்பந்தம். அது 2025 டிசம்பர் 8-ந் தேதியோடு முடிவதாக இருந்தது. புது ஒப்பந்தம் போடவில்லை. ஆகவே 2025 ஜூலையில், "லீக்கை நிறுத்தி வைக்கிறோம்" என்று கம்பெனி சொல்லிவிட்டது.

ஆகஸ்டு மாதம் சென்னையின் எப்.சி. தன் வேலைகளை நிறுத்திவைத்தது. பெங்களூர் எப்.சி. தன் ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே காலவரையறை இல்லாமல் நிறுத்தியது. பிறகு லீக் உரிமைக்கு டெண்டர் விட்டார்கள். ஒருவர்கூடக் கேட்க முன்வரவில்லை!

வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்க வேண்டிய லீக். 2026 ஜனவரியில்தான், "14 கோஷ்டிகளும் ஆடும், பிப்ரவரி 14-ந் தேதி ஆரம்பம்" என்று மத்திய அமைச்சர் அறிவித்தார். இடையில் கழிந்த மாதங்களுக்கு, கிளப்பை நம்பிக் கையெழுத்துப் போட்ட பையன்களின் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும்?

பீடிக் கடையில் இலை வரவில்லை என்றால், அந்த வாரம் கூலி இல்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று மேலப்பாளையத்துத் தாய்மார்களுக்குச் சொல்லித்தரத் தேவை இல்லை.

சம்பளமா? ஒப்பந்தமா?

முன்பு ரயில்வே, போலீஸ், பாங்கி ஆகியவைதான் ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டன. சென்னையில் இந்தியன் வங்கிக் கோஷ்டி பேர் பெற்றது. இந்தியாவுக்காக ஆடிய சபீர் பாஷா அந்தக் கோஷ்டியில் கோல் போட்டவர்தான். காசு கொஞ்சம். ஆனால் மாதம் தவறாது.

அந்தக் கதவு இன்னும் முழுதாக மூடவில்லை. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்குப் பந்தயச் சான்றிதழ் மட்டும் போதாது. படிப்பும் வேண்டும். பத்தாம் வகுப்போடு பந்தின் பின்னால் ஓடிவிட்ட பையனுக்கு அந்தக் கதவு திறப்பது கஷ்டம். ஆகவே, மகனைக் கிளப்புக்கு அனுப்பும் பெற்றோர், "என்ன சம்பளம்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எத்தனை வருஷ ஒப்பந்தம்? காலில் அடிபட்டால் யார் வைத்தியம் பார்ப்பது? படிப்பு தொடருமா?" என்றும் கேட்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்கிற கிளப், பையனைப் பார்த்துக்கொள்ளப் போவது இல்லை.

விஜயன் என்ன ஆனார்?

கிளப்புகள் மூடின. சினிமா அவ்வப்போது கூப்பிட்டது. கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது எது?

போலீஸ் வேலை!

17 வயதில் மாட்டிய அதே காக்கி உடுப்பை மீண்டும் மாட்டினார். 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரல் மாதம், மலப்புறத்தில் மலபார் சிறப்புப் போலீஸ் படையின் துணைக் கமாண்டன்ட் பதவியில் இருந்து ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 56.