கிண்டி வரைபடமும் எண்ணத் தெரிந்தவர்களும்

ஓர் ஆராய்ச்சியாளரைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்போதெல்லாம் முதல் கேள்வி ‘ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு?’ என்பதுதான். என்ன கண்டுபிடித்தார் என்பது அப்புறம். பல நேரம் அந்த அப்புறம் வருவதே இல்லை. கட்டுரையைப் படிக்கச் சோம்பல்பட்டு எண்ணைப் பார்க்கிறோம், அதற்குப் புறவயமான மதிப்பீடு என்று பெயர் வைக்கிறோம். அடையாறு பக்கம் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்வது கூடுதல் அபத்தம். இதற்கான மறுப்பு சர்தார் படேல் சாலையிலேயே எழுதப்பட்டது.

1952இல் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார். வயது முப்பது. கிண்டி வளாகத்தில் அவர் எடுத்துக்கொண்டது கொலாஜன், தோலையும் எலும்பையும் தாங்கும் புரதம். அதே சாலையில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வால் தசைநார் கிடைத்தது. மூன்று இழைகள் கொண்ட அமைப்பு என்று 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அடுத்த ஆண்டு அதைத் திருத்தினார். பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் விடவில்லை: உங்கள் மாதிரியில் சில அணுக்கள் நெருங்கக்கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்றார்கள்.

மேற்கோள் கணக்கில் இந்த அடியும் ஒரு மேற்கோள்தான். பாராட்டினாலும் ஒன்று, உதைத்தாலும் ஒன்று. ராமச்சந்திரனோ அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் துழாவி அளவுகளை எடுத்தார்கள். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் மேசைக் கால்குலேட்டர் வைத்துப் போட்ட கணக்கு அது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எங்கே அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்பதை ஒரே சதுரத்தில் காட்டும் வரைபடம் 1963இல் வெளியானது.

இதை இன்றைய அளவுகோலில் வைத்துப் பாருங்கள். இதழ்களின் இம்பாக்ட் ஃபாக்டர் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை மட்டுமே பார்க்கும். 1963இல் அணு அணுவாக அமைப்பு தெரிந்த புரதம் என்று சொல்ல மயோகுளோபினைத் தாண்டி ஏதுமில்லை. புரதத் தரவு வங்கி தொடங்கியதே 1971இல், ஏழே அமைப்புகளோடு. ஹெச்-இண்டெக்ஸ் 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. அந்தக் கணக்கில் ஒரு கட்டுரையைப் பத்தாயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் அதனால் கூடுவது அதிகபட்சம் 1.

இன்று அந்த வங்கியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள். புதிதாக ஒன்று உள்ளே போனால், ராமச்சந்திரன் வரைபடத்துக்கு வெளியே எத்தனை புள்ளி விழுகிறது என்று சரிபார்ப்பு அறிக்கை சொல்லிவிடும். பெயர் சொல்கிறார்கள், மூலக் கட்டுரையைப் பலர் குறிப்பிடுவதில்லை. பித்தாகரஸ் தேற்றத்துக்கு யார் மேற்கோள் போடுகிறார்கள்? முழுசாக ஜெயித்த கருத்து கணக்கிலிருந்து காணாமல் போய்விடும்.

‘அவருக்கும் ஆயிரக்கணக்கில் மேற்கோள் உண்டே?’ என்பீர்கள். உண்டு. ஆனால் வேலை கேட்டு நிற்கிற முப்பது வயதுக்காரருக்கு அந்த எண் இருபது வருடம் கழித்துத்தான் வரும். முடிவு இன்றைக்கு வேண்டும்.

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது. சிபாரிசும் சாதியும் புழங்கும் ஊரில், காட்ஃபாதர் இல்லாதவனுக்கு எண்தானே துணை? இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ராமச்சந்திரனையே சி.வி. ராமன் பரிந்துரைத்துத்தான் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் அழைத்தார். எல்லோருக்கும் ஒரு ராமன் கிடைப்பாரா? ஆனால் எண்ணும் ஏழைக்குத் துணை நிற்பதில்லை. பெரிய லேப், பிரபல கைடு, பிரசுரக் கட்டணம் கட்டக் காசு இருப்பவருக்குத்தான் அது வேகமாக ஏறும். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022இல் கைவிட்டது. அதற்குள் காசுக்குக் கட்டுரை போடும் இதழ்கள் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டன.

நான் கேட்பது சின்ன விஷயம். தேர்வுக் குழு ஒவ்வொருவரிடமும் மூன்றே கட்டுரை வாங்கட்டும். படிக்கட்டும். ஏன் எடுத்தோம், ஏன் விட்டோம் என்று காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு வெளியிடட்டும். சிபாரிசுக்காரர் எழுத்தில் மாட்டுவார், எண்ணை வாங்கியவர் கட்டுரையில் மாட்டுவார்.

நேரம் இல்லை என்பார்கள். முப்பது வருடம் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கப் போகிறீர்கள், மூன்று கட்டுரை படிக்க நேரம் இல்லையா?